ஒரு அழுத்துக்கு ஆமாம்

வாங்க என் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. ஃபேன் சத்தத்தில் என் குரல் அமுங்கிப் போகும். போனை எல்லாம் ஓரமா வச்சிடுங்க. பேச்சு நின்றுபோன ஒருத்தனைப் பற்றியும், அவனுக்குப் பேச ஒரு பெட்டி செய்து கொடுத்த தங்கச்சியைப் பற்றியும் ஒரு கதை வச்சிருக்கேன். நடுவில் மனசு கொஞ்சம் கனக்கும். கனத்தாலும் எழுந்து போயிடாதீங்க.

வீராம்பட்டினத்தில் தேவேந்திரன் என்று ஒரு படகுக்காரன். அலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற படகைக் கரையில் இருந்தபடியே கூப்பிடுவான், அப்படிக் குரல். ஒரு நாள் வலையில் சிக்கல் எடுத்துக்கொண்டு இருந்தவன் மணலிலேயே சரிந்து விழுந்தான். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். வாய் போனது, கை கால் போனது, இமைகூட அது நினைத்தபோதுதான் மூடும். ஆனால் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்பதெல்லாம் அவனுக்குப் புரிந்தது. வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் மேலும் கீழும் அசைந்தது.

அந்த ஒற்றை விரலுக்காகத்தான் அவன் தங்கச்சி தென்றல் பெட்டி செய்தாள்.

தென்றலைக் கட்டிக்கொடுத்தது கரிக்கலாம்பாக்கத்தில். வேலை வில்லியனூரில் ஒரு சின்னக் கம்பெனியில். கடைக்கும் கிளினிக்குக்கும் எண் தட்டுகிற பெட்டிகள் செய்து விற்கிறவர்கள். அங்கே அவள் எழுதுவதற்கு டிரைவர் என்று பெயர். சொந்தக்காரர்கள் முதலில் அவள் ஏதோ வண்டி ஓட்டுகிறாள் என்றே நினைத்தார்கள். நாம் ஒரு விசையை அழுத்துகிறோம் இல்லையா, அது கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. இதோ அழுந்தியது, இதோ விட்டது என்று நடுவில் நின்று எடுத்துச் சொல்கிற கட்டளைகள்தான் இந்த டிரைவர். பெட்டி எப்போது விழித்திருக்க வேண்டும், எப்போது தூங்கி பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதும் அதன் பொறுப்பு.

அண்ணனுக்கு அவள் செய்த பெட்டியில் ஒரே ஒரு விசை. மெத்தென்று, அகலமாக இருக்கும். ஒரு அழுத்துக்கு 'ஆமாம்', அடுத்தடுத்து இரண்டு அழுத்துக்கு 'இல்ல'. அந்தக் குரல் யாருடையது தெரியுமா? தேவேந்திரனுடையதேதான். நல்லா இருந்த காலத்தில் அவன் போனில் பேசி அனுப்பிய பேச்சுகளில் இருந்து அந்த இரண்டு சொல்லையும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தாள்.

முதல் நாள் அவன் பெண்டாட்டி பாக்யலட்சுமி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, நேத்து கொழம்பு நல்லா இருந்துதா?" என்று கேட்டாள்.

விரல் இரண்டு முறை அசைந்தது. "இல்ல" என்றது பெட்டி, அவன் குரலில்.

"பாருங்கடி! மாசக்கணக்கா மூடிக் கெடந்த வாய் தொறந்ததும் மொத சொல்லே என் கொழம்பு மேலதான்!" என்று அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் வாசலில் கூடி, ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம் ஒரு புயல் வந்தது. கம்பங்கள் சாய்ந்து, தெருவெல்லாம் தண்ணீர் நின்று, கரண்ட் வருவேனா என்றது. பெட்டியின் பேட்டரி முதல் நாளே தீர்ந்துபோனது. பாக்யலட்சுமி யார் போனையோ வாங்கித் தென்றலைக் கூப்பிட்டாள்.

"பெட்டி செத்துப் போச்சி தென்றலு. எது கேட்டாலும் வெரலு மட்டும் அடிச்சிக்கினு கெடக்குது. சத்தம் வரல. அந்தக் கண்ண என்னால பாக்க முடியலடி."

அந்தக் குரல் தென்றலை உட்காரவிடவில்லை. கரண்ட் வந்ததும் முதல் வேலையாகப் பெட்டிக்குத் தூங்கக் கற்றுக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் யாரும் விசையைத் தொடவில்லை என்றால் பெட்டி உறங்கிவிடும். விசை அழுந்தினால் எழுந்துகொள்ளும். இப்படிச் செய்தால் எத்தனை நாள் கரண்ட் போனாலும் அண்ணன் ஊமையாகக் கிடக்கமாட்டான்.

ஒரு இடத்தில் மட்டும் யோசித்தாள். போர்வை நழுவி விசைமேல் பட்டால்? பூனை கட்டிலில் ஏறினால்? தூங்குகிற பெட்டி திடுக்கிட்டு எழுந்து, கேட்காத கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்லி வைக்குமே. அதனால் எழுப்புகிற அழுத்தை எண்ணாதே, எறிந்துவிடு, அதற்கு அடுத்ததில் இருந்து எண்ணு என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். ஒரு பதிலும் பிசகவில்லை. பேட்டரியும் நின்றது. அவளுக்குப் பெருமைதான்.

இதற்கிடையில் பாக்யலட்சுமியின் உடம்பு தேய்ந்துகொண்டே வந்தது. விடிந்தால் கரைக்குப் போய் மீன் எடுத்து, வில்லியனூர் வரைக்கும் கொண்டுபோய் விற்று, ஓடி வந்து அவனைப் புரட்டித் துடைத்துக் கஞ்சி ஊட்டி, மறுபடியும் புரட்டி... ஆள் நல்ல உயரம், கனம். பாகூர்ப் பக்கம் படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று இருப்பதாக யாரோ சொல்லி, அதை நடத்துகிற விஜயராணி அம்மா ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். தென்றல் அப்போது ஆபீசில் இருந்தாள். நடந்ததை அண்ணி போனில் சொல்லித்தான் கேட்டாள்.

"சுத்தி நிக்கறவங்க சம்மதம் எனக்கு வேணாம்மா, படுத்திருக்கிறவங்கள ஒரு மனுஷனா மதிச்சி அவங்ககிட்டதான் மொதல்ல கேப்பேன்னாங்க. நேரா கட்டிலாண்ட போயி, 'எங்க இல்லத்துக்கு வந்து இருக்க உங்களுக்குச் சம்மதமா ஐயா'ன்னு கேட்டாங்க. ஒங்கண்ணன் ஆமாம்னுட்டாரு. அவரு கொரல்லயே சொல்லிட்டாரு. வண்டியில ஏத்தியாச்சி."

தென்றல் போனைக் கையில் வைத்தபடி நின்றாள். எங்களை விட்டுப் போவதற்கு ஒரே கேள்வி போதுமா அண்ணனுக்கு? அவ்வளவு வெறுத்துப் போய்விட்டோமா?

பாகூருக்கு இரண்டொரு தடவை போய்ப் பார்த்தாள். இடம் சுத்தமாக இருந்தது. பெட்டி மட்டும் அலமாரிமேல் இருந்தது. அங்கே வேலை பார்க்கிற ராமுவிடம் கேட்டாள்.

"யாரும் ஒண்ணும் கேக்காமலே இல்ல இல்ல இல்லன்னு சொல்லிக்கினே கெடக்கறாருக்கா. பக்கத்து கட்டில்காரங்க சண்டைக்கு வராங்க. அதான் மேல வச்சிட்டேன். வெளயாட்டுக்குப் பண்றாரு போல."

அவள் அதை எடுத்து விரலடியில் வைத்து, "சாப்ட்டியாண்ணா?" என்றாள். விரல் அசையவில்லை. அவன் மேலே கூரையையே பார்த்துக் கிடந்தான். இங்கே பிடித்திருக்கிறதா என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. ஆமாம் என்று வந்துவிட்டால் என்ன செய்வது? அவன் நெற்றியைத் துடைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஒரு நாள் மதியம், அவளுக்கு மேலதிகாரி அரிகரன் சிரித்துக்கொண்டே அவள் மேசைக்கு வந்தார்.

"தென்றல், நம்ம டோக்கன் பெட்டி இருக்குற கிளினிக்ல இருந்து ஒரே திட்டு. நாப்பத்தொண்ணுன்னு அழுத்துனா ஒண்ணாம் டோக்கன் வான்னு கூப்பிடுதாம். ஒண்ணாம் டோக்கன் காலையிலயே ஊசி போட்டுக்கினு வூட்டுக்குப் போயி தூங்கியிருக்கும். அது எங்க வரும்?"

"எப்பவுமா சார் அப்டி ஆவுது?"

"எப்பவும் இல்லியாம். ரொம்ப நேரம் யாரும் தொடாம கெடந்தா, அதுக்கப்புறம் அழுத்துற மொத ஆளுக்கு மட்டும்."

"அது ஒண்ணும் இல்ல சார்," என்று தென்றலும் சிரித்தாள். "எங்கண்ணன் பெட்டிக்கு எழுதினத இதுலயும் போட்டேன். தூங்குற பெட்டிய எழுப்புற அழுத்த நான் எண்ண மாட்டேன். அதான் மொதல்ல அழுத்துன நாலு காணாம போச்சி, அடுத்த ஒண்ணு மட்டும்..."

விரலால் மேசைமேல் இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

நாலு காணாமல் போனால் நாற்பத்தொன்று ஒன்றாகும். ஒரு அழுத்து காணாமல் போனால் இரண்டு அழுத்து ஒன்றாகும். 'இல்ல' என்பது 'ஆமாம்' ஆகும்.

"இன்னா ஆச்சி?" என்றார் அரிகரன்.

இல்லையே, எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், ஒரு நாளும் பிசகவில்லையே என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அவள் வாயில் வருகிற முதல் பேச்சு என்ன? சாப்ட்டியாண்ணா. அவள் மட்டுமா? கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற அக்கம்பக்கம், சொந்தபந்தம், படகுக் கூட்டாளி, அத்தனை பேருக்கும் முதல் பேச்சு அதுதான். நம்ம பக்கத்தில் யாராவது ஒரு வீட்டுக்குள் போய் நேராக விஷயத்தைக் கேட்கிறோமா? சாப்ட்டியா என்று கேட்டுவிட்டு, அதற்குப் பதில் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் அடுத்ததுக்குப் போய்விடுகிறோம். அவன் அதற்கு ஒழுங்காக ஒரு முறை அழுத்தியிருக்கிறான். அந்த அழுத்தில் பெட்டி எழுந்திருக்கிறது. வராத அந்த ஆமாமை யாரும் தேடவில்லை. அடுத்த கேள்விக்கெல்லாம் பெட்டி விழித்துக்கொண்டு சரியாகப் பேசியிருக்கிறது.

விஜயராணி அம்மா சாப்ட்டியா என்று கேட்கவில்லை. அவனை மதித்து, நேராகக் கேட்டார்.

அவன் இரண்டு முறை அழுத்தியிருக்கிறான். போக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அவன் குரலை வைத்தே, அவள் எழுதியது, போகிறேன் என்று சொல்லிவிட்டது. அதன்பிறகு அந்த இல்லத்தில் இல்ல, இல்ல, இல்ல என்று அவன் பொழுதெல்லாம் சொல்லியிருக்கிறான். விளையாட்டு என்று பெட்டியைத் தூக்கி அலமாரிமேல் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்து விரலடியில் வைத்தவள், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் நெற்றியைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"சார், எனக்கு லீவு வேணும். இத சரி பண்ணிட்டு உடனே போறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "பண்ணு" என்றார்.

திருத்தம் சின்னதுதான். எழுப்புகிற அழுத்தை எறிவதற்குப் பதிலாகப் பத்திரமாக ஓரத்தில் பிடித்து வை. பெட்டி முழுசாக எழுந்ததும் வரிசை மாறாமல் அதை முதலில் கொடு. போர்வை பட்டு ஒரு தப்பு ஆமாம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், தப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எழுதி முடித்து, அண்ணன் பெட்டி மாதிரியே செய்து ஆபீசில் வைத்திருந்த இன்னொரு பெட்டியில் ஏற்றி, அதை மேசைமேல் வைத்துவிட்டு, அது தூங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை நாள் இந்த ஒன்றைத்தான் அவள் செய்து பார்க்கவில்லை. பெட்டியின் சின்ன விளக்கு அணைந்தது. இரண்டு முறை அழுத்தினாள்.

"இல்ல" என்றது தேவேந்திரனின் குரல், அந்த ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி. தென்றல் துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வீராம்பட்டினத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, பாக்யலட்சுமி குழாயடியில் குந்தி விற்காத மீனைச் செதில் தேய்த்துக்கொண்டு இருந்தாள்.

"அண்ணி, பெரிய தப்பு நடந்து போச்சி. என்னாலதான்." மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். "அண்ணன் வரமாட்டேன்னுதான் சொல்லியிருக்கான். ரெண்டு வாட்டி அழுத்தியிருக்கான். அதுல ஒண்ண பெட்டி முழுங்கிடிச்சி."

பாக்யலட்சுமியின் கை நிற்கவில்லை. செதில் தெறித்துக்கொண்டே இருந்தது.

"தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"பெட்டியப் பத்தி எனக்கு இன்னாடி தெரியும். நான் பாத்தது வெரல. கால்மாட்டுல நின்னுக்கினு இருந்தன். வெரலு ரெண்டு வாட்டி அசைஞ்சிது. பெட்டி ஆமாம்னுது. அந்தம்மா சந்தோஷப்பட்டு அவரு கைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினாங்க. அவங்க கைக்குள்ளயும் அந்த வெரலு அசைஞ்சிக்கினேதான் இருந்துது." ஒரு மீனைக் கழுவித் தட்டில் போட்டாள். "பெட்டிய ஒயரோட சுருட்டி பையில வச்சது நான்தான்."

"பாத்துட்டா சும்மா இருந்த? எப்டி அண்ணி மனசு வந்திது ஒனக்கு?"

"கேளு, நல்லா கேளு." பாக்யலட்சுமி இப்போதுதான் தலையைத் தூக்கினாள். "நீ ஞாயித்துக்கெழம வருவ. அண்ணா அண்ணாம்ப. பெட்டிய தொடச்சி வைப்ப, போயிடுவ. அன்னிக்குக் காலையில அவர தூக்கி உக்கார வைக்கச் சொல்ல இடுப்புல புடிச்சிக்கிச்சி. அவரோட சேந்து நானும் கீழ விழுந்தன். அவரு எம்மேல. என்னால அவர தள்ளவும் முடியல, எழுந்திரிக்கவும் முடியல. ரெண்டு பேரும் அப்டியே தரையில கெடந்தோம். கத்துனன், யாருக்கும் கேக்கல. மீன்காரன் ஒருத்தன் வந்து தூக்கி வுட்டான். அப்புறம்தான் அந்தம்மா வந்தாங்க." குரல் உடைந்தது. "ஆமாம்னுது தென்றலு. அவரு கொரலு. தண்ணில தத்தளிக்கறவ கையில ஒரு கட்ட கெடச்சா வுடுவாளா? புடிச்சிக்கினன். அன்னிலேர்ந்து இந்த வூட்டுல நான் ஒரு வாய் சோறு ருசிச்சி துன்னல."

தென்றலும் பக்கத்தில் குந்தினாள். மீதி மீனை இரண்டு பேருமாகக் கழுவினார்கள். அப்புறம் பாக்யலட்சுமி கையை அலசிக்கொண்டு, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "வா. நானே கேக்கறன்" என்றாள்.

இரண்டு பேரும் பாகூர் பஸ் ஏறினார்கள்.

இல்லத்தில் விஜயராணி அம்மா விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என் கைக்குள்ள அசைஞ்சிதே," என்றார். "சந்தோஷத்துல அசையுதுன்னு நெனச்சேனே." எழுந்து அவர்களை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார்.

தேவேந்திரன் அதே கூரையைப் பார்த்துக் கிடந்தான். தென்றல் தான் கொண்டுவந்த பெட்டியை அவன் விரலடியில் வைத்தாள். "அண்ணா, அன்னிக்கு நீ சொன்னத பெட்டி மாத்திச் சொல்லிடிச்சி. நான் எழுதினதுல தப்பு. இப்ப சரி பண்ணிட்டேன். இனிமே நீ அழுத்துற எதுவும் காணாம போவாது."

விரல் அப்படியே இருந்தது. பெட்டியின் விளக்கு அணைந்தது.

பாக்யலட்சுமி கட்டிலைச் சுற்றி வந்து, அவன் பார்வை படுகிற இடத்தில் நின்றாள்.

"மாமா. அன்னிக்கு உன் வெரலு ரெண்டு வாட்டி அசைஞ்சத நான் பாத்தன். பாத்தும் வாய தொறக்கல. பெட்டிமேலயும் தங்கச்சிமேலயும் பழிய போட்டுட்டு போயிட மாட்டன். நான்தான் ஒன்ன அனுப்பிச்சன். என்னால முடியாம அனுப்பிச்சன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப கேக்கறன். வூட்டுக்கு வரியா?"

ராமு கையில் தண்ணீர்க் குவளையோடு நின்றுவிட்டான். பக்கத்துக் கட்டில்காரர்கூடத் தலையைத் திருப்பினார்.

விரல் கீழே போனது. மேலே வந்தது. பெட்டி உடனே பேசவில்லை. இரண்டாவது அழுத்து வருமா என்று அது கொஞ்சம் பொறுக்கும், அப்படித்தான் தென்றல் எழுதியிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் மூன்று பெண்களும் மூச்சை விடவில்லை.

"ஆமாம்" என்றான் தேவேந்திரன்.

பாக்யலட்சுமி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எம்மேல கோவமா மாமா?"

"ஆமாம்."

"என்மேலயும் இருக்காண்ணா?" என்றாள் தென்றல்.

"ஆமாம்."

"இருக்கட்டும்," என்றாள் பாக்யலட்சுமி. கண்ணில் வழிவதைத் துடைக்காமலே அவன் காலடிப் போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். "கோவத்தோடவே வா. வூட்டுல வந்து கோச்சிக்கோ. உன்ன தூக்குறதுக்கு இனிமே நான் ஒருத்தி போதாது, அத மட்டும் இப்பவே சொல்லிட்டன், ஒந்தங்கச்சிக்கும் சேத்துதான்."

"வேலைய அங்க எடுத்துக்கினு வந்துடறேன் அண்ணி. வாரத்துல பாதி நாளாச்சும்" என்றாள் தென்றல். சொன்னபடியே செய்தாள்.

கோபம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். வீட்டுக்கு வந்தபிறகும் பல நாள் எது கேட்டாலும் 'இல்ல' என்றே சொல்லிக்கொண்டு இருந்தான். முதுகு வலிக்கிறதா, இல்ல. ஜன்னலைத் திறக்கட்டுமா, இல்ல. அவன் சொல்லட்டும் என்று விட்டார்கள். பாக்யலட்சுமி அவன் தோளைப் பிடிப்பாள், தென்றல் காலைப் பிடிப்பாள், இரண்டு பேருமாகப் புரட்டுவார்கள். பாக்யலட்சுமியின் இடுப்பு வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் ராத்திரிகளில் அவளுக்குத் தூக்கம் வந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போகும்போது பார்த்துப் போங்க. உங்க வீட்டில் படுத்துக் கிடக்கிறவங்க இருந்தா அவங்க உடம்பு தேறட்டும். அவங்களைத் தூக்குகிற கைக்கு வலுவும், துணைக்கு இன்னொரு கையும் கிடைக்கட்டும். உங்க குழந்தைங்க நோய் நொடி இல்லாம வளரட்டும், அடுப்பு அணையாம எரியட்டும், கோபம் வந்தாலும் ஒரே கூரைக்கடியில் இருந்து தீரட்டும். நல்லா இருங்க, எல்லாரும் நல்லா இருங்க.